மதினி, அந்த ஏரிக்குக் கலுங்கு இருக்கிறது

கண்மாய்க்கரையில் எப்போதும் எனக்கு நாலு எட்டு முன்னால் நடந்த என் பிரியமான மதினிக்கு,

நான் இப்போது உன் மகன் கதிர் வீட்டில் இருக்கிறேன், சுவிட்சர்லாந்தில். சிரிக்காதே. சிக்கல் ஊரில் ஏறி இராமநாதபுரம் போய் இறங்குவதற்குள் பஸ்ஸில் வாந்தி எடுப்பவள், இரண்டு விமானம் மாறி வந்து சேர்ந்துவிட்டேன். வழியில் ஒரு தடவைகூட வாந்தி வரவில்லை என்பதை முதலில் உனக்குச் சொல்லிவிட வேண்டும்.

திவ்யாவுக்குப் பேறுகாலம் பார்க்க வந்தேன். உன் மருமகளைப் பெற்றவளுக்கு இடுப்பில் ஆபரேஷன் ஆகியிருப்பதால் அத்தனை நேரம் உட்கார்ந்து வர முடியாது. "நீங்க வாங்க சின்னம்மா, எனக்கு வேற ஆளு இல்ல" என்று திவ்யாதான் கூப்பிட்டாள். கதிர் கூப்பிடவில்லை.

விமான நிலையத்தில் வந்து நின்றான். "வாங்க. பயணம் நல்லா இருந்துச்சா?" என்று கேட்டுப் பெட்டியை வாங்கிக்கொண்டான். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் மதினி, அந்த ஒரு சொல் மட்டும் இல்லை. வாய்க்கு வாய் அத்தை, அத்தை என்று என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு திரிந்தவன், நீ போன இந்த இரண்டு வருஷமாக என்னை முறை சொல்லிக் கூப்பிடுவதில்லை. போனிலும் மொட்டையாகத்தான் பேசுவான். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, சரி வைக்கிறேன், அவ்வளவுதான்.

ஏன் என்று உனக்குத் தெரியும். உன் வயிற்றில் கட்டி என்று டாக்டர் சொன்ன அன்றைக்கே என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினாய். அவனுக்கு வேலை நிரந்தரமாகப் போகிற நேரம், சொன்னால் விழுந்தடித்து வந்துவிடுவான், சொல்லாதே என்றாய். நான் முப்பது வருஷம் சத்துணவுக் கூடத்தில் சோறு போட்டவள் இல்லையா, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க நம் இரண்டு பேருக்கும் நன்றாகவே கைவந்தது. அம்மா தூங்குது, அம்மா வயலுக்குப் போயிருக்கு என்று நாலு மாதம் ஓட்டினேன்.

மருந்து ஏற்றி உன் முடி கொட்டியபோது வீடியோவில் பார்த்துவிட்டு அவன் பதறினான். நான்தான் போனைப் பிடுங்கி, "ஒனக்கு வேலை நெலைக்கணும்னு காளியம்மனுக்கு நேந்துக்கிட்டு முடி எறக்கிட்டாப்பா ஒங்கம்மா" என்றேன். அவன் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. பெருமையில் வந்த நீர் அது. அதைப் பார்த்து நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய்.

உனக்குக் கொள்ளி வைக்கத்தான் வந்து சேர்ந்தான். பால் ஊற்றிய மறுநாள் ஆஸ்பத்திரி ஃபைலை எடுத்துத் தேதி தேதியாகப் படித்தான். படித்துவிட்டு என்னிடம் வந்து, "நேத்திக்கடனா?" என்று மட்டும் கேட்டான். உங்கம்மா சத்தியம் வாங்கிட்டாப்பா என்றேன். அதற்குப் பிறகு எத்தனையோ தடவை அதையேதான் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் அவன் இன்னும் தள்ளித்தான் போனான். உண்மையைச் சொல்கிறேன், உன்மேல் எனக்குக் கோபம் உண்டு மதினி. நீ கண்ணை மூடிவிட்டாய். பேச்சு வாங்குவதற்கு நான் ஒருத்திதானே மிச்சம்?

சரி, ஏரிக் கதைக்கு வருகிறேன்.

அவன் முன்பு ஒரு போட்டோ அனுப்பினானே, மலைகளுக்கு நடுவில் நீலமாக ஒரு ஏரி? நீ கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "இம்புட்டுத் தண்ணி கெடக்கே, கலுங்கு எங்கனப்பா இருக்கு?" என்று கேட்டாய். "அம்மா, இது நம்ம கம்மா இல்ல. மலையில பனி உருகி வார தண்ணி" என்று சிரித்தான். "எங்கன இருந்து வந்தா என்ன? நெறஞ்சா வழியணும்ல?" என்றாய். அந்த ஏரிக்குத்தான் போன மாதம் போனோம்.

திவ்யாவின் ஏற்பாடு அது. அவளுக்கு எட்டு மாதம் முடிந்திருந்தது. ஏரியோரம் இருந்த சாப்பாட்டுக் கடையில் வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, "நீங்க ரெண்டு பேரும் ஒரு சுத்து சுத்திட்டு வாங்க, ரெண்டு மணி நேரந்தான்" என்று எங்களைத் தள்ளிவிட்டாள். கெட்டிக்காரி. எனக்குச் சேலைக்குக் கீழே அவளுடைய ஷூ, மேலே அவளுடைய ஸ்வெட்டர். நீ பார்த்திருந்தால் ஒரு வாரம் சிரித்திருப்பாய்.

தண்ணீர் போட்டோவில் பார்த்ததுபோலவே இருந்தது. தனுஷ்கோடிப் பக்கம் வெயிலில் கடல் பச்சையும் நீலமுமாகத் தெரியுமே, அந்த நிறம். ஆனால் கரை என்று ஒன்று கிடையாது மதினி. யாரும் மண் அள்ளிப் போட்டுக் கட்டவில்லை. நம் கண்மாயை யாராவது சுற்றி வருவார்களா? பிறை மாதிரி ஒரு பக்கம்தான் கரை. இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்துவிட்டு, சுகர் இறங்கிவிட்டது என்று நீயும் நானும் திரும்பி வருவோம். இங்கே ஏரியைச் சுற்றிலும் ஒற்றையடிப் பாதை போட்டு, ஊர்ச் சனங்கள் குடும்பத்தோடு வேலை மெனக்கெட்டுச் சுற்றுகிறார்கள். இரண்டு கையிலும் கம்பு வேறு.

கதிர் முன்னால் நடந்தான். "மஞ்சக் குறி போட்டிருக்கும். அதப் பாத்து வாங்க" என்றான். அதுவும் மொட்டைதான். எனக்கோ முழங்கால் இரண்டு நாளாகவே வீங்கியிருந்தது. சொல்லவில்லை. சேலை மறைத்துக்கொண்டது.

ஒரு இடத்தில் மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றின் கழுத்திலும் சட்டி பெரிசு மணி. அங்கே பாதை இரண்டாகப் பிரிந்தது. மேலே ஏறும் பாதையில் ஒரு பாறை. அந்தப் பாறையில் வெள்ளை, சிவப்பு, வெள்ளை என்று பட்டை. நம் கோயில் மதிலில் சுண்ணாம்பும் காவியும் அடித்திருப்பார்களே, அச்சு அசல் அதுதான். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இந்தச் சீமையிலும் ஒரு மலைச்சாமி இருக்கிறது, யாரோ புண்ணியவான் பட்டை அடித்து வைத்திருக்கிறான் என்று நினைத்தேன்.

ஷூவைக் கழற்றினேன். ஒரு மஞ்சள் பூவைப் பறித்துப் பாறைமேல் வைத்துக் கும்பிட்டேன். பிள்ளை நல்லபடியாகப் பிறக்க வேண்டும் என்று கேட்டேன். கதிர் வாயில் அந்தச் சொல் வர வேண்டும் என்று கேட்டேன். அதற்கு ஒரு நேர்த்தியும் வைத்தேன். கம்பு ஊன்றி வந்த கிழவர் ஒருவர் என்னைப் பார்த்து நின்று, தாமும் தொப்பியைக் கழற்றினார். அவர் என்னவென்று நினைத்தாரோ?

நிமிர்ந்து பார்த்தால் கொஞ்சம் மேலே இன்னொரு பாறையிலும் பட்டை. ஒரு சாமியைக் கும்பிட்டுவிட்டு அடுத்ததைக் கண்டும் காணாமல் போவது முறையா? ஏறினேன். அதற்கு மேலே மூன்றாவது. இப்படிச் சாமி சாமியாக ஏறி, ஏரி ஒரு தாம்பாளத் தட்டு அளவுக்குக் கீழே போன பிறகுதான் முழங்கால் இனி முடியாது என்றது. உட்கார்ந்துவிட்டேன். கதிரைக் காணோம்.

அப்போதுதான் கேட்டது.

"அத்தே!"

அவன் ஏரியோரத்தில் இருந்து கத்துகிறான். எதிர் மலையில் பட்டு அது திரும்பி வந்தது. ஒரு கூப்பாட்டுக்கு இரண்டு அத்தை. நான் பதில் சொல்லவில்லை மதினி. இன்னொரு தடவை கூப்பிடட்டும் என்று வாயை மூடிக்கொண்டு இருந்தேன். பாவம்தான், தெரியும். இரண்டு வருஷமாக ஏங்கிக் கிடந்தவளுக்கு ஒன்று போதுமா? மூன்றாவது தடவை அவன் குரல் உடைந்தபோது எனக்குப் பொறுக்கவில்லை. "ஏலே, இங்கனதான் இருக்கேன்!" என்று கத்தினேன்.

ஓடி வந்தான். முகத்தில் இரத்தமே இல்லை. "தண்ணிக்குள்ள விழுந்துட்டீங்கன்னு எட்டி எட்டிப் பாத்துக்கிட்டு இருக்கேன். மஞ்சளப் பாத்து வாங்கன்னு சொன்னேன்ல? இங்கன எதுக்கு ஏறுனீங்க?"

"சாமி இருந்துச்சுப்பா" என்று பட்டையைக் காட்டினேன்.

"அது சாமி இல்ல அத்தை. மலை ஏறுறவுகளுக்கு வழி காட்ட அடிச்ச பெயிண்டு." சொல்லிவிட்டு அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே என் காலைப் பார்த்தவன், முழங்கால் இருந்த இலட்சணத்தைக் கண்டு நிறுத்தினான்.

"எப்ப இருந்து இப்பிடி?"

"ரெண்டு நாளா."

"ஏன் சொல்லல?"

"ஒன்னைய எதுக்குப்பா தொந்தரவு பண்ணிக்கிட்டு..."

சொல்லி முடிப்பதற்குள் எனக்கே கேட்டுவிட்டது. இது உன் பேச்சு மதினி. எழுத்து மாறாமல் உன் பேச்சு. அவனுக்கும் கேட்டது.

பக்கத்தில் உட்கார்ந்தான். "நாலு மாசம் அத்தை. நாலு மாசத்துல நான் ரெண்டு தடவை வந்திருப்பேன். பக்கத்துல படுத்துக் கெடந்திருப்பேன். வேலை போனாப் போயிருக்கும், வேற வேலை கெடச்சிருக்கும்" என்றான்.

உங்கம்மா சத்தியம் வாங்கிட்டா என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. "தப்புதான்யா. ஒங்கிட்ட சொல்லியிருக்கணும்" என்றேன். இதைச் சொல்ல எனக்கு இரண்டு வருஷமும் ஒரு மலையும் தேவைப்பட்டிருக்கிறது. மன்னித்துக்கொள், உன் சத்தியத்தை நான் அங்கே கைவிட்டேன்.

"என்னால மறக்க ஏலாது அத்தை" என்றான்.

"மறக்க வேணாம். முறை சொல்லிக் கூப்பிடு, அது போதும்."

தோளைக் கொடுத்து இறக்கிக்கொண்டு வந்தான். கடை பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் நின்று, "இன்னும் கொஞ்சூண்டு நடக்க முடியுமா? ஒண்ணு காட்டணும்" என்றான். நொண்டி நொண்டிப் போனேன். ஏரியின் ஒரு மூலையில் சின்ன மரப்பாலம். அதன் அடியில் ஏரித்தண்ணீர் கல்லில் வழிந்து சலசலவென்று பள்ளத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

"அம்மா கேட்டாங்கல்ல, கலுங்கு? அப்ப எனக்குத் தெரியாது. அம்மா போன பெறகு வந்து தேடிக் கண்டுபிடிச்சேன். எப்ப வந்தாலும் இங்கன கொஞ்ச நேரம் நின்னுட்டுத்தான் போவேன்."

பாலத்துக் கட்டையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு அழுதான் மதினி. ஊரில் உனக்குக் கொள்ளி வைத்தபோதுகூட அவன் அழவில்லை. நான் முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றேன். நிறைந்தால் வழிய வேண்டும் என்று நீதானே சொன்னாய்?

ஆக, உன் கேள்விக்குப் பதில்: கலுங்கு இருக்கிறது. மடை இல்லை. கீழே பாய வயலும் இல்லை, வெறும் புல்தான். தண்ணீர் வீணாகப் போகிறது என்று நீ திட்டுவாய்.

உன் பேத்தி பிறந்து இன்றைக்குப் பதினாறாம் நாள். தாயும் பிள்ளையும் நலம். மூக்கு உன் மூக்கு, அதற்கு நாம் ஒன்றும் செய்ய முடியாது. என் முழங்காலை டாக்டர் பார்த்தார், நீர் கோத்திருக்கிறதாம், மாத்திரை கொடுத்திருக்கிறார். கதிர் கேட்பதற்கு முன்பே காலையில் நானே வலி எவ்வளவு என்று சொல்லிவிடுகிறேன்.

அடுத்த மாதம் ஊருக்கு வாரேன். வந்ததும் முதல் வேலை என்ன தெரியுமா? பாறையில் வைத்த அந்த நேர்த்தி. வெறும் பெயிண்டாக இருந்தால் என்ன, கேட்டதைக் கேட்ட அரை மணியில் கொடுத்தது. காளியம்மன் பேரில் நான் சொன்ன பொய்யும் இன்னும் தீராமல் கிடக்கிறது. இரண்டுக்கும் சேர்த்து அம்மன் வாசலில் உட்கார்ந்து என் முடியை இறக்குகிறேன் என்று உனக்குச் சொல்லி வைக்கிறேன்.

கதிர் வீடியோவில் பார்த்துவிட்டு, என்ன அத்தை இது மொட்டை என்று பதறுவான். நேர்த்திக்கடன் என்பேன். இந்தத் தடவை அது உண்மை.

உனக்கு நாத்தனாரும் கதிருக்கு மறுபடி அத்தையுமான
இராசாத்தி