பரணிலிருந்து கொட்டிய படக்கதைகள்

என் அன்பு மச்சான் தயாளா,

அடுத்த மாதம் வந்தால் நீ போய் ஒரு வருஷம். நல்ல சேதியாகச் சொல்லத்தான் ஆசை. ஆனால் இங்கே நடந்திருப்பது வேறு. உன் போட்டோவைப் பெரிதாக்கி, கண்ணாடி போட்டு, பூந்தமல்லி போட்டோக் கடைக்கார பாய் எடுத்து வைத்திருக்கிறார். "எப்ப வந்து எடுத்துகினு போறீங்க?" என்று பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார். உன் பெண்டாட்டி, அதாவது என் தங்கச்சி கஸ்தூரி, அது வீட்டுக்குள் வரவே கூடாது என்கிறாள்.

எல்லாம் அந்தப் புத்தகங்களால் வந்த வினை. வருஷத் திதிக்கு முன்னால் உன் மாங்காட்டு வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வைத்தோம். அவர்கள் பரணிலிருந்து கோணிப்பையை இழுக்க, அடி கிழிந்து எல்லாம் கூடத்தில் கொட்டிவிட்டது. நீ வருஷக்கணக்காகச் சேர்த்த படக்கதைகள். ஓர் அட்டையில் ஒருத்தி ஒட்டுத்துணி இல்லாமல் இரும்புப் பறவை மேல் உட்கார்ந்திருக்கிறாள். வெள்ளையடிக்க வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்களாம். கஸ்தூரி அங்கேயே நின்றிருக்கிறாள். ஏன்யா, அவளிடம் ஒரு வார்த்தை சொல்லி வைத்திருக்கக் கூடாதா?

அவை எப்படி வந்தன என்று எனக்குத் தெரியும். நாம் வேலை பார்த்த திருமழிசை அட்டைக் கம்பெனிக்கு வெளிநாட்டு வேஸ்ட் பேப்பர் பெரிய பெரிய கட்டாக, பேல் பேலாக வரும். அதைப் பிரிக்கும்போதுதான் முதல் புத்தகம் உன் கையில் சிக்கியது. வழவழப்பான தாள். வானத்தில் இரண்டு சூரியன், மணல் முழுக்கத் துருப்பிடித்த கப்பல்கள். என்ன பாஷை என்றே தெரியவில்லை, இங்கிலீஷ் இல்லை என்பது மட்டும் தெரிந்தது. நடுவில் அம்மணமாக நின்ற பெண்ணைப் பார்த்து நான் வாயைப் பிளந்தேன். நீ அவளுக்குப் பின்னாலிருந்த கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

"மச்சான், இது பசங்க படிக்கிற காமிக்ஸ் இல்ல. பெரியவங்களுக்குன்னே போட்டது. கதைய நாமதான் கண்டுபுடிக்கணும்" என்றாய்.

கண்டுபிடிக்கவும் செய்தாய். திருமழிசையிலிருந்து பூந்தமல்லி வரை பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டே சொல்லுவாய். "இவ புருசன் வேற கெரகத்துக்கு ஷிப்டுக்குப் போனவன், திரும்பி வர்ல. தேடிகினு போறா." துணி ஏன் இல்லை என்று கேட்டதற்கு, "ரெண்டு சூரியன் அட்ச்சா நீ மட்டும் சட்டை போட்டுகினு இருப்பியா?" என்றாய். பக்கத்து சீட்டுக்காரரும் சிரித்துவிட்டார். பேலில் அடுத்த இதழ் வந்தால் கதை நகரும். வராவிட்டால் நீயே நகர்த்துவாய்.

இதையெல்லாம் கஸ்தூரிக்குப் புரியவைக்கலாம் என்று போன ஞாயிற்றுக்கிழமை போனேன். நல்ல பக்கமாகக் காட்டலாம் என்று பிரித்தால் அம்மணம். வேறு பிரித்தால் அதுவும் அப்படியே. தங்கச்சி முன்னால் எனக்கு வேர்த்துக் கொட்டுகிறது. "இந்தக் கப்பலப் பாரும்மா, எவ்ளோ நுணுக்கமா போட்டுகீறான்" என்று விரலால் மறைத்து மறைத்துக் காட்டினேன்.

"வெரல எடு" என்றாள். எடுத்தேன். "இந்த மன்சன் போட்டோவ நான் நடு ஊட்ல மாட்டி பூ போடணுமா?"

அப்போதுதான் வாயை விட்டேன். "அவன் இதுக்காக வெச்சிகினு இல்லம்மா, கதைக்காக. தெனம் பஸ்ல எனக்குக் கதை கதையா சொல்லுவான்."

அவள் முகம் மாறிவிட்டது. கோபம் போய்விட்டது. அது இருந்திருந்தாலே தேவலை.

"உனக்குச் சொன்னாரா? தெனமுமா?" என்றாள். "ஊட்டுக்கு வந்தா சாப்ட்டு படுத்துடுவாரே அண்ணா. என்கிட்ட ஒரு நாள், ஒரு கதை சொன்னதில்லையே."

உன்னைக் காப்பாற்றப் போய் நன்றாக மாட்டிவிட்டேன். அம்மணப் படத்தையாவது அவள் ஒருநாள் மன்னித்திருப்பாள். ஏன் சொல்லவில்லை தயாளா? சிரிப்பாள் என்று பயந்தாயா? பிள்ளையும் இல்லாத வீடு. தெருவுக்குக் கேபிள் வந்துவிட்டது, சாயங்காலமானால் டிவி மட்டும்தான் அங்கே பேசுகிறது.

புத்தகத்தை என் பக்கம் தள்ளி, "அவரு சொன்னா மாரி எனக்கும் சொல்லு" என்றாள். எனக்கு உன் வாய் ஏது? முன்னதைப் பின்னால் சொன்னேன், பின்னதை விட்டுவிட்டேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். புருஷனைத் தேடி இன்னொரு கிரகத்தில் இறங்கினாள் என்று சொல்லி நின்றுவிட்டேன்.

"அப்பறம்? கண்டுபுட்சாளா?"

அதற்கப்புறம் எனக்குத் தெரியாது. கதை அங்கே நிற்கும்போதுதான் உனக்குக் காமாலை வந்து படுத்தாய். ஆஸ்பத்திரியில் வந்து கதையா கேட்பேன்? இருந்த புத்தகம் முழுக்கப் புரட்டினேன். கடைசிப் படத்தில் அவள் தனியாக நின்று ஏதோ சொல்கிறாள். அதை யாரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்ல? படித்தாலும் அது உன் கதையாக இருக்காதே.

"அடுத்த வாரம் சொல்றேம்மா" என்று தப்பித்து வந்தேன். போட்டோவைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. என்ன செய்வதென்று சத்தியமாகத் தெரியவில்லை.

வரும் ஞாயிறு போகிறேன், மச்சான். கதையில் அந்தப் புருஷன் கிடைத்துவிட்டான், வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, போன இடத்தில் பார்த்ததையெல்லாம் ஒன்று விடாமல் அவளுக்குச் சொன்னான் என்று முடிக்கப்போகிறேன். அதையும் நீ சொன்னதாகத்தான் சொல்வேன்.

இப்படிக்கு,
பழகின பழக்கத்துக்கு மச்சானாகி, பெண் கொடுத்தும் மச்சானான
ஏழுமலை,
முத்தாபுதுப்பேட்டை.