ஆறு மணி நேரத்துக்குமேல் தரையில் கிடக்கக்கூடாது

நாள் 203, 08:10
செவ்வாய் சுற்றுப்பாதை இடைமாற்று நிலையம். பணியில் நான் ஒருவன்: சந்தியாகு மச்சாது, தூத்துக்குடி. மேற்கு வாசலில் கப்பல் சரக்கை இறக்குகிறது. கிழக்கு வாசலில் வேறு வண்டி ஏற்றிக்கொண்டு போகிறது. நடுவே வெறும் தரை. கிடங்கு இல்லை, ஓர் அலமாரிகூட இல்லை. பிரித்து ஏற்றுவது இயந்திரம். அதற்கு நான் வைத்த பெயர் மேஸ்திரி.
இன்று கீழே செவ்வாய்த் தரையில் இருக்கும் பனிக்குழிச் சுரங்கத்துக்குக் காற்று வடிகட்டி, 46 பெட்டி. சுரங்க வண்டி 11:00 மணிக்கு வரும்.

11:25
வண்டி வரவில்லை. இன்ஜின் கோளாறாம், 19:00 ஆகுமாம். ஆறு மணி நேரத்துக்குமேல் தரையில் கிடக்கும் எதையும் மேஸ்திரி கிழக்கு வாசலில் நிற்கும் கப்பலில் தள்ளிவிடும். இப்போது அங்கே நிற்பது பூமிக்குத் திரும்பும் கப்பல்!
தலைமையகத்துக்கு அவகாசம் கேட்டு எழுதியிருக்கிறேன்.

12:40
பதில் வந்தது.
"விதிவிலக்குக்கு ஒன்பதாம் படிவம் அனுப்பவும். பரிசீலனை இரண்டு வேலை நாள்."
வேலை நாளாம்! சுரங்கத்தில் 212 பேர் மூச்சு விடுகிறார்கள். என் மனைவி செலஸ்டினா அங்கே நர்ஸ். அவளிடமிருந்தும் செய்தி:
"ஏங்க, பழைய வடிகட்டி நாலு நாளைக்குத்தான் தாங்குமாம். இங்க உள்ள பிள்ளைங்க இப்பமே தலைவலிக்குன்னு சொல்லுதுங்க. பொட்டிய மட்டும் விட்டுராதிய."

13:50
படிவத்தைக் கொண்டுபோய்க் குப்பையில் போடட்டும். எங்கள் தொழிலில் ஒரு பழைய குறுக்கு வழி உண்டு. லேபிளைக் கிழித்துவிட்டு, பெட்டியை மேற்கு வாசல் வழியாக மறுபடி உள்ளே தள்ளினால், மேஸ்திரி அதைப் புதுச் சரக்கு என்று நம்பிப் புது நேரம் போட்டு லேபிள் ஒட்டும். வாசலில் வேறொரு கப்பல் இறக்கிக்கொண்டிருக்கிறது. அதன் சரக்கோடு சேர்த்து என் பெட்டிகளையும் கையாலேயே தள்ளினேன். நாற்பத்தாறும். முதுகு விட்டுப்போச்சு.

14:20
புது லேபிளில் 19:50 வரை அவகாசம். மேஸ்திரியின் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டேன். செலஸ்டினாவுக்குச் சொல்லிவிட்டேன். கொஞ்சம் கண்ணை மூடுகிறேன்.

19:10
சுரங்க வண்டி வந்தது. தரை காலி.
சுரங்கத்துக்கென்று மாலையில் வந்திருந்த மூன்று மூட்டை உப்பை மட்டும் மேஸ்திரி ஏற்றி அனுப்பிவிட்டது. நான் ஓடி வருவதற்குள் கதவு மூடிவிட்டது.

19:35
பதிவேட்டைப் பார்த்தேன். மேற்கு வாசலில் எந்தக் கப்பல் நிற்கிறதோ, அதன் பட்டியலைப் பார்த்துத்தான் மேஸ்திரி ஊர் எழுதும். பகலில் நின்றது செம்மேடு குடியிருப்புக்கான கப்பல். பட்டியலில் 300 பெட்டி, வந்தது 346. கூடுதல் 46-க்கும் செம்மேடு என்றே எழுதியிருக்கிறது. நான் லேபிளில் நேரத்தைத்தான் பார்த்தேன். ஊரைப் பார்க்கவில்லை. இருபது வருடமாக லேபிள் படிக்கிறவன், பார்க்கவில்லை. 16:30-க்குச் செம்மேடு வண்டி எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விட்டது.

20:15
செம்மேட்டிலிருந்து:
"அண்ணே, நாங்க கேக்காத 46 வடிகட்டி வந்திருக்கு. திருப்பி அனுப்பணும்னா எரிபொருள் காய்ச்சவே பதினோரு நாளாகும். அவசரம் இல்லியே?"
தலைமையகத்திலிருந்து எந்தப் பதிலும் இல்லை. வேறு வண்டியும் இல்லை. மூன்று தடவை கேட்டுவிட்டேன்.

21:40
"ஏங்க, வண்டி எறங்குது! கண்ணாடி வழியா தெரியுது. எல்லாரும் கை தட்டுறாவ, கேக்குதா? சாதிச்சிட்டியளே."

21:44
அந்த வண்டியில் மேலே திரும்பிவர ஒரு தடவைக்கு எரிபொருள் உண்டு. இருக்கை நான்கு. கீழே 212 பேர்.
இதை யார் படித்தாலும் சரி, நான் அனுப்பும் செய்தி இதுதான்:
"செலஸ்டினா, கை தட்டுறதை விட்டுட்டு நான் சொல்றதைக் கேளு. யார்ட்டயும் எதுவும் சொல்லாத. சரக்குக் கதவத் திறக்குறதுக்கு முன்னாடி நீ மட்டும் போய் அந்த வண்டில ஏறி உக்காரு."