தலையில் சாமி பெயர்

தணிகைமுருகன் துணை

பெங்களூரு,
வெள்ளிக்கிழமை

பாவாவுக்கு உங்கள் மனைவி ஹேமாவதி வணங்கி எழுதுவது. நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அத்தை மாத்திரையை வேளைக்குப் போடுகிறார்களா? போனில் பேசினால் அவர்கள் காதில் விழும் என்றுதான் எழுதுகிறேன்.

அந்த நிதி நிறுவனத்தில் பயிற்சி வேலைக்கு நேர்காணல் முடிந்து பல நாளாகியும் பதில் இல்லை. யாரும் சொல்லித்தராமல் நான் கற்ற கணக்கை மதித்துக் கூப்பிட்ட இடம் அது. நினைவூட்டி ஒரு மெயில் அனுப்பினேன். உடனே அங்கிருந்து ஒரு பெண் போன் செய்தாள்.

"என்ன மேடம், வீட்ல சூழ்நிலை சரியில்ல, வரலன்னு நீங்கதானே மெயில் போட்டீங்க? வேற ஆளை எடுத்துட்டோமே."

சிரித்துச் சமாளித்தேன். பிறகு தேடினால், என் மெயில் கணக்கிலிருந்தே அது போயிருக்கிறது. தலையில் 'தணிகைமுருகன் துணை' என்று இருந்தது. ஆபீஸ் மெயிலில் அப்படி எழுதக் கூடாது என்று இங்கே நான் படிக்க வந்த வகுப்பில் சொன்னதிலிருந்து நான் எழுதுவதில்லை. அது உங்களுக்குத் தெரியாது. அந்த மெயில் கணக்கு உங்கள் போனிலும் இருக்கிறது.

அரக்கோணத்தில் ரயில் ஏற்றும்போது, "நீ போ, வீட்டை நான் பாத்துகினு இருக்கேன்" என்றீர்கள். போகாதே என்று அங்கேயே சொல்லியிருந்தால் நின்றிருப்பேன். சாமி பெயரை எழுதி, அதன் கீழே பொய் எழுதினீர்களே.

வேறு இடங்களுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். இங்கே சாம்பாரில் வெல்லம் போடுகிறார்கள். பருப்புப்பொடி கொஞ்சம் அனுப்புங்கள். தணிகை மலைக்குப் போனால் விபூதியும் வையுங்கள்.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது. மெயில் பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன். இதுவரை உங்கள் பெயர்தான் இருந்தது.

ஹேமாவதி