இடது காலில் பிரேக்

மார்ச் 3, செவ்வாய்

சிவப்பு இத்தாலிக்காரிக்கு, அதாவது என் பழைய பந்தய பைக்குக்கு, வால்வு இடைவெளி பார்த்தேன். காலை எட்டுக்கு உட்கார்ந்தவள், எழுந்தபோது பன்னிரண்டு. உள்ளே ஒரு தகடு மயிரிழை தடிமன் கூடுதல். பச்சை இத்தாலிக்காரியிடமிருந்து மெல்லியதைக் கழற்றிப் போட்டேன். பச்சை வந்து பதினோரு வருஷம், ஒருநாள்கூட ஓடியதில்லை. உறுப்பு தானம் செய்தே தேய்கிறாள்.

இவர் எட்டிப் பார்த்தார். "அறுபத்தேழு வயசுல இப்படி மண்டி போட்டா, எழுப்ப கிரேன்தான் வரணும்." கிரேன் வரவில்லை. அவரே கை கொடுத்தார்.

மார்ச் 5, வியாழன்

வழக்கம்போல இவரைப் புது வண்டியில் பின்னால் ஏற்றிக்கொண்டு சதுரங்க மன்றம். போகும் வழியெல்லாம் என் காதுக்குள் பேச்சு. "டிரைவர், சிக்னல்." "டிரைவர், அந்த வீட்டுக்கு என்ன கண்ராவி பெயிண்ட் பாரு." இருபத்திரண்டு வருஷமாக இதே கூத்து. சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதவருக்கு வாய் மட்டும் நன்றாக ஓடும்.

மார்ச் 11, புதன்

இடது மணிக்கட்டில் கட்டு. எழுதும் கை தப்பித்தது.

நேற்று சிவப்பில் வந்துகொண்டிருந்தேன். பேக்கரி வேன் முன்னால் திடீரென நின்றது. பிரேக்கில் காலை அழுத்தினேன். நிற்கவில்லை. அழுத்தினேன் என்பது சத்தியம் – வண்டி நிற்கவில்லை. வேனின் பின்கதவில் போய் மோதினேன். விளக்குக் கண்ணாடி தூள். பேக்கரிக்காரர் மாவுக் கையோடு ஓடி வந்தார். "என்னம்மா, தூங்கிட்டே வந்தீங்களா?" எனக்கு வலியைவிட அந்தக் கேள்விதான் சுட்டது.

மகளுக்கு இவர் போன் செய்துவிட்டார். வேண்டாம் என்றுதான் சொன்னேன். அவள் கேட்ட முதல் கேள்வி: "எந்தக் காலால அழுத்துனம்மா?"

மார்ச் 13, வெள்ளி

மற்ற வண்டிகளில் இடது காலில் கியர், வலது காலில் பிரேக். என் இத்தாலிக்காரிக்கு நேர்மாறு. கியர் வலதில், பிரேக் இடதில். அந்தக் காலத்தில் அவர்கள் செய்தது அப்படி. இருபத்தாறு வருஷமாக இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டியிருக்கிறேன், ஒருமுறை பிசகியதில்லை.

இன்று ஒரு கையால் பின்சக்கரத்தைக் கழற்றினேன். பாதி வேலை இவர் செய்தார், முழுப் புலம்பலும் இவருடையதுதான். போன மாதம் நான் வைத்த கிரீஸ் அதிகமாகி, வழிந்து, பிரேக் கட்டையில் ஊறியிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே திறந்தேன். நான் மோசமான மெக்கானிக் என்றால் பரவாயில்லை. அதைத் திருத்திக்கொள்ளலாம்.

கட்டை சுத்தமாக, காய்ந்து இருந்தது. ஒரு சொட்டு கிரீஸ் இல்லை.

அப்போ நான்தான். என் கால்தான். பிரேக்குன்னு நெனச்சு கியரை மிதிச்சிருக்கேன். ஐயோ.

மார்ச் 15, ஞாயிறு

மகள் வந்தாள். பல் மருத்துவர் என்பதால் யாரைப் பார்த்தாலும் வாயைத் திறக்கச் சொல்லும் தோரணை. பிரேக் கட்டை சுத்தமாக இருந்ததை நானே சொன்னேன். மறைத்திருக்கலாம்.

"வலது இடதே குழம்புதாம்மா உனக்கு?"

முப்பத்துநாலு வருஷம் எக்ஸ்ரே அறையில் இருந்தவள் நான். ஒவ்வொரு படத்திலும் இது இடம், இது வலம் என்று ஈய எழுத்து வைத்தவள். ஒன்றுகூட மாறியதில்லை. மாறினால் நல்ல காலை அறுத்துவிடுவார்கள். என்னைப் பார்த்தா இந்தக் கேள்வி? பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

கடைசியில் ஒப்பந்தம். மூளை மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஏப்ரல் 26 வரை சிவப்பு சாலைக்கு வரக் கூடாது. அன்று அவள் வந்து பார்ப்பாள். திருப்தி இல்லையென்றால் இரண்டு இத்தாலிக்காரிகளையும் விற்றுவிட வேண்டும். வாங்கக் கேட்டு வைத்திருக்கும் ஆள்கூட இருக்கிறார் அவளிடம்.

சரி என்று சொன்னேன். வாயால் சொன்னது சொன்னதுதான்.

மார்ச் 20, வெள்ளி

மருத்துவர் கடிகாரம் வரையச் சொன்னார். வரைந்தேன். ஐந்து சொல் சொல்லி, வேறு கதை பேசி, திருப்பிக் கேட்டார். ஐந்தையும் சொன்னேன். நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னார். பக்கத்திலிருந்த இவர்தான் நடுவில் தப்பாக முணுமுணுத்தார்.

"தலை நல்லாத்தான் இருக்கு. காலைப் பத்தி எனக்குத் தெரியாதும்மா," என்று மருத்துவர் சிரித்தார்.

மார்ச் 24, செவ்வாய்

ஆயில்தட்டு அண்ணனிடம் பேசினேன். எழுபத்துநாலு வயது, நாலு இத்தாலி வண்டி, வீடெங்கும் சொட்டும் எண்ணெய்க்குத் தட்டு. அதனால் அந்தப் பெயர். இந்த வண்டிகள் விஷயத்தில் எனக்கு அவர்தான் கூடப்பிறந்தவர்.

"தங்கச்சி, ஏன் மண்டையைப் பிச்சுக்கற? எஞ்சின் மூடியில ஓட்டை போட்டு குறுக்கால ஒரு தண்டு விட்டா கியர் இடது பக்கம் வந்துரும். நான் ரெண்டு வண்டிக்குப் பண்ணிட்டேன்."

ஒரு மணி நேர வேலை. மகள் வாயடைத்துப் போவாள். சாயங்காலம் துளைப்பானைக் கையில் எடுத்துக்கொண்டு அந்த மூடி முன்னால் உட்கார்ந்தேன். எந்தக் குற்றமும் செய்யாத மூடி. போட்ட ஓட்டையைத் திரும்ப எடுக்க முடியாது. தவறு செய்தது என் கால். ஓட்டை மட்டும் சிவப்புக்கா?

துளைப்பானைப் பெட்டியில் வைத்துவிட்டேன். காலைத்தான் திருத்த வேண்டும்.

ஏப்ரல் 3, வெள்ளி

கட்டு அவிழ்த்தாயிற்று. கிளட்ச் பிடித்தால் கட்டைவிரலடியில் வலி, பொறுக்கலாம்.

தெருமுனைக் கிடங்கின் பின்முற்றம் காலியாகக் கிடக்கிறது. காவலாளியிடம் கேட்டாயிற்று. எஞ்சினை அணைத்து, இருவருமாகச் சிவப்பைத் தள்ளிக்கொண்டு போனோம். இவர் கையில் விசில். நான் ஓட்டிக்கொண்டிருக்கும்போது நினைத்த நேரத்தில் ஊதுவார், நான் நிறுத்த வேண்டும்.

நாற்பது விசில். ஐந்து தப்பு.

"முப்பத்தஞ்சு சரி," என்றார் இவர். சாலையில் ஒரு தப்பு போதும்.

ஏப்ரல் 7

தப்பே இல்லை! நாற்பதும்.

ஏப்ரல் 10, வெள்ளி

ஆறு தப்பு. நேற்றுதான் புது வண்டியில் மன்றத்துக்குப் போய் வந்தோம். வீட்டுக்கு வந்து இவரிடம் எரிந்து விழுந்தேன். விசிலை வேண்டுமென்றே மோசமான நேரத்தில் ஊதுகிறார் என்றேன். "ஆமா, வேன்காரன் உன்கிட்ட கேட்டுட்டுதான் நின்னான்," என்றார்.

ஏப்ரல் 16, வியாழன்

இவருக்குச் சளி, மன்றம் இல்லை. நல்லதாய்ப் போயிற்று. ஒரு வாரமாகப் புது வண்டியைத் தொடவில்லை. ஐந்து நாளாகத் தப்பும் இல்லை.

சோதிக்கலாமென்று மதியம் புது வண்டியில் கடைவீதி வரை போய் வந்து, உடனே சிவப்பை முற்றத்துக்குத் தள்ளிக்கொண்டு போனேன். காவலாளியை விசில் ஊதச் சொன்னேன். மூன்றாவது விசிலிலேயே வலது கால் முந்திக்கொண்டு மிதித்துவிட்டது.

ஆக, இதுதான். இந்தக் கால்களுக்கு இனி இரண்டு முதலாளி ஒத்துவராது. நாற்பதில் ஒத்துவந்தது, அறுபதில் ஒத்துவந்தது, இப்போது இல்லை. அழுது பயனில்லை. ஒன்றை விட வேண்டும்.

ஏப்ரல் 17, வெள்ளி

எதை விடுவது என்று ராத்திரி எல்லாம் யோசிக்கவில்லை. யோசித்தேன் என்று எழுதினால் அது பொய். எதை என்று உடனே தெரிந்துவிட்டது; அதுதான் வெட்கமாக இருக்கிறது. சிவப்புக்கு ஒற்றை இருக்கை. பந்தயத்துக்கு வடித்த சட்டம், பின்னால் ஒரு பூனைகூட உட்கார முடியாது.

காபி கொடுத்துவிட்டு, புது வண்டியைத்தான் விடப்போகிறேன் என்று இவரிடம் சொன்னேன்.

"அப்ப எனக்கு பஸ்."

"ஆமாங்க."

"ஸ்டாப் மன்றத்து வாசல்லயே இருக்கு," என்றார். என்னைச் சமாதானப்படுத்துகிறாராம். இந்த மனுஷனை இறக்கி விட்டுட்டுப் போறேனே, நான் என்ன பொம்பள!

ஆனாலும் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

ஏப்ரல் 26, ஞாயிறு

மகள் விசிலைப் பிடுங்கிக்கொண்டு தானே ஊதினாள். திருப்பத்தில் ஊதினாள், கியர் மாற்றும்போது ஊதினாள். அனுபவித்துப் பல் பிடுங்குகிறவள். முப்பது விசில். தப்பில்லை.

"முற்றம் வேற, ரோடு வேறம்மா."

புது வண்டிச் சாவியை அவள் உள்ளங்கையில் வைத்து மூடினேன். இதை எடுத்துக்கொண்டு போ, இனி எனக்கு ஒரு வண்டிதான், ஒரு பிரேக்தான் என்றேன். இத்தாலிக்காரிகளை விற்கச் சொல்லலாம் என்று வந்தவளுக்கு ஒன்றும் ஓடவில்லை.

"அப்பா எதுல போவாரு?"

"பஸ்ல," என்றார் இவர். "மாசக்கணக்கா யோசிச்சு நானே எடுத்த முடிவு." புளுகுமூட்டை.

மகள் மூக்கை உறிஞ்சினாள். "சரி. ஆனா நீ ஓட்டறத அப்பா கூடவே இருந்து பாக்கட்டும். அவர் சரின்னு சொன்னாத்தான் சரி. இல்லன்னா வித்துடணும்."

ஏப்ரல் 30, வியாழன்

முதல் வியாழன். நிறுத்தத்தில் இவரை ஏற்றிவிட்டு, மூன்று உதையில் சிவப்பைக் கிளப்பி, பஸ்ஸுக்குப் பின்னாலேயே போனேன். முந்தியிருக்கலாம், மனசு வரவில்லை. இவர் கடைசி வரிசையில் உட்கார்ந்து, பின்கண்ணாடி வழியாக என்னையே பார்த்துக்கொண்டு வந்தார். உதடு அசைந்தது. சிக்னல் என்று சொல்லியிருப்பார்.

காதுக்குள் யாரும் பேசாமல் ஓட்டுவது ஒரு மாதிரியாக இருக்கிறது.

மே 7, வியாழன்

தானிய மண்டி வளைவில் ஒரு கைவண்டி குறுக்கே வர, பஸ் சடாரென்று நின்றது.

நானும் நின்றேன். என்ன செய்தேன் என்று எனக்கே தெரியாது. நின்ற பிறகு குனிந்து பார்த்தேன். இடது கால் பிரேக்கில் இருந்தது, வலது கால் சும்மா இருந்தது. என் விளக்குக்கும் பஸ்ஸின் பின்பக்கத்துக்கும் நடுவே ஒரு முழம். கண்ணாடிக்குப் பின்னால் இவர், எழுந்து நின்று, இரண்டு கையையும் கண்ணாடியில் ஊன்றிக்கொண்டு. முகத்தில் ரத்தமே இல்லை.

மன்றத்து வாசலில் இறங்கியவர் நேரே உள்ளே போய்விட்டார். இரண்டு ஆட்டமும் தோற்றார். சாயங்காலம் மகள் கூப்பிட்டபோது, "இன்னிக்கு எதுவும் நடக்கலம்மா," என்று இவர் சொன்னது மட்டும் காதில் விழுந்தது.

மே 14, வியாழன்

பஸ் கிளம்பியதும் பின்கண்ணாடியைப் பார்த்தேன். கடைசி வரிசையில் பள்ளிக்கூடப் பைதான் ஒன்று இருந்தது. எங்கே போனார் என்று பதறி, நிறுத்தம் வந்ததும் பக்கவாட்டில் போய்ப் பார்த்தேன்.

முதல் சீட்டில் உட்கார்ந்திருந்தார். பஸ் ஓட்டுநரிடம் கையை நீட்டி நீட்டி ஏதோ வீட்டுப் பெயிண்டைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார். மன்றம் வரை ஒருமுறைகூட என் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.