டிரம் வாய்க்கு ஒரு வலை

அன்பு மகன் பாலகுமாருக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான் உயிரோடு இருக்கிறேன், அதற்குத்தான் சுகம் என்று பேர் என்றால் சுகம். அங்கே நீயும் உமா மகேஸ்வரியும் பிள்ளையும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்கவேண்டும். காய்ச்சல் என்று எழுதவே கை கூசுகிறது. போன் இருக்கும்போது அம்மா ஏன் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நான் வாயைத் திறந்ததும் அழாதேம்மா அழாதேம்மா என்று சொல்லியே வைத்துவிடுகிறாய், சொல்ல வந்தது தொண்டையிலேயே நிற்கிறது. அஞ்சாவது படித்த கை, எழுத்து கோணலாகத்தான் வரும், பொறுமையாகப் படி.

உன் தங்கை வைஜெயந்தி காரியம் முடிந்து நீ ஏர்போர்ட்டுக்குப் போகிற வழியில் ஜெயமணி வீட்டு வாசலில் ஆட்டோவை நிறுத்தி, அந்த டிரம் எல்லாத்தையும் தூக்கிப் போட்டுடுங்க, அம்மாவை நான் கோயம்புத்தூருக்குக் கூட்டிக்கிறேன் என்று சொன்னாயாமே. பெற்றவளிடம் சொல்லாததைப் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாய். மறுநாளே ஜெயமணி நாலு பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்து நம் கொல்லையில் இருந்த டிரம்களைக் கவிழ்த்துவிட்டாள், அவரவர் வீட்டிலும் கவிழ்த்தார்கள். வைஜு கட்டி வைத்திருந்த கீரை பக்கெட், பாகல் கொடி, உரத்தொட்டி எல்லாம் வேலியோரம் கிடக்கிறது. அதோடு விட்டாளா, அந்தப் புள்ள தண்ணியச் சேத்து வச்சுக் கொசு வளத்துச்சு, கொசு அதையே கொண்டுபோயிருச்சு என்று என் காதுபடச் சொன்னாள். ஒருத்தி வாயாவது மறுத்துச் சொல்லும் என்று பார்த்தேன், சொல்லவில்லை.

இவர்கள்தான் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நம் கொல்லையில் வந்து உட்கார்ந்தவர்கள். இந்தத் தீவுக்கு மெயின்லேண்ட் கப்பல் பிந்தினால் பஜாரில் தக்காளியைக் கண்ணால்தான் பார்க்கவேண்டும், குழாயில் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள், வெயில் காலத்தில் அதுவும் கிடையாது. உனக்கும் தெரிந்ததுதான், மறந்திருப்பாய். உன் தங்கை சிப்பிகாட் விவசாயப் பண்ணைக்கு பஸ் ஏறிப் போய்க் கற்றுக்கொண்டு வந்ததைத் தனக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. தேங்காய் மட்டையைத் தட்டி ஓட்டை பக்கெட்டில் நிரப்பிக் கீரை போடவும், காய்கறித் தோலை மக்க வைக்கவும், செடியைத் தின்கிற பெரிய நத்தையைச் சாயங்காலம் பொறுக்கவும், தகரக் கூரைத் தண்ணீரை டிரம்மில் பிடிக்கவும் தெருவுக்கே சொல்லிக்கொடுத்தாள். பெங்காலிக்காரப் பெண்களும் வருவார்களே, அதனால் பெஹ்லி பாரிஷ் சோடோ, முதல் மழைய விட்டுருங்க, கூரை கழுவட்டும் என்று ஹிந்தியிலும் தமிழிலும் கத்துவாள். என்ன டிரம் டீச்சரம்மா, இன்னிக்கு ஹோம்வொர்க் என்ன என்று இதே ஜெயமணி கேலி பண்ணிக்கொண்டே மடி நிறையக் கீரை கொண்டுபோவாள். மண்ணைக் கிளறுகிறவளை எவன் கட்டுவான் என்று நீயும் கேட்டாய். அவள் சிரித்துக்கொண்டாள். நான் சிரிக்கவில்லை, இப்போதும் சிரிப்பு வரவில்லை.

இப்போது நடந்ததைக் கேள். போன மாசம் குழாயில் சுத்தமாகத் தண்ணீர் வரவில்லை, மழை மட்டும் கொட்டியது. கவிழ்த்த கைகளே சத்தமில்லாமல் அவரவர் வீட்டு டிரம்மை நிமிர்த்திக் கூரைக்கு அடியில் வைத்துக்கொண்டன. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, எந்த முகத்தோடு கேட்பார்கள். பத்து நாள் கழித்து நான் ஜெயமணி வீட்டு வேலியைத் தாண்டிப் போகும்போது பார்த்தேன், டிரம் வாய்மேல் பழைய சேலையைப் போட்டு மூடியிருக்கிறாள். மூடியாகிவிட்டது என்று நினைப்பு. சேலை நனைந்து நடுவில் தொட்டில் மாதிரித் தொய்ந்து, இலையும் தூசியும் அடைத்து, அந்தக் குழியில் மழைத் தண்ணீர் தனியாகத் தேங்கி நிற்கிறது. அதற்குள்ளே புழு துள்ளுகிறது பாலா. டிரம்முக்குள் கொசு போகக்கூடாது என்று போட்ட துணியின் மேலேயே கொசுவுக்குத் தொட்டில் கட்டி வைத்திருக்கிறாள். துணி தளர்ந்தால் மூடாததைவிட மோசம், தப்பு மேளத் தோல் மாதிரி விறைப்பா இருக்கணும், வாரம் ஒருதரம் கழற்றித் துவைக்கணும் என்று வைஜு தொண்டை வற்றச் சொன்ன பாடம் அது. பக்கத்திலேயே பாயில் ஜெயமணியின் பேத்தி தூங்கிக்கொண்டிருந்தது.

உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது. பார்த்தும் பேசாமல் நம் வாசல்வரை வந்துவிட்டேன். என் பிள்ளையைப் பேசினாளே, அவளே அனுபவிக்கட்டும் என்று மனசு சொன்னது. வாசற்படியில் கால் வைக்க முடியவில்லை. திரும்பிப் போய், கூப்பிடாமல் கொள்ளாமல் உள்ளே நுழைந்து, சேலையைத் தண்ணீரோடு சுருட்டி மழை ஓய்ந்து வெயில் விழுந்த சிமெண்ட் தரையில் உதறினேன். ஜெயமணி ஓடிவந்து, துணி போட்டுத்தானக்கா இருக்கு, இன்னும் என்ன செய்யச் சொல்ற என்றாள். துணி மடிப்பில் மிச்சம் நின்ற தண்ணீரைக் கையில் அள்ளி அவள் முகத்துக்கு நேராகக் காட்டினேன். உன் பேத்திக்கு எத்தனை வேணும், எண்ணி எடுத்துக்கோ என்றேன். அவள் ஓடிப்போய்ப் பேத்தியைத் தூக்கிக்கொண்டாள். துணியை அலசி, டிரம் வாயில் விறைப்பாக விரித்து, வைஜு செய்கிற மாதிரி சைக்கிள் டியூபை வரிந்து இழுத்துச் சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் வந்தாள். மன்னிப்புக் கேட்க இல்லை, அக்கா அந்த முடிச்ச இன்னொரு தரம் காட்டேன் என்று கேட்க. காட்டினேன். காபி கொடுக்கவில்லை. மளிகைக்கடை இர்பானா ஒருத்திதான் வைஜு போனபிறகும் நம் வாசல் மிதிக்கிறவள், அவள் இதைக் கேட்டுவிட்டு, மாமி, ஞாயித்துக்கிழமை நானும் வர்றேன், வேற யாரு வந்தாலும் வரட்டும் என்றாள். வந்தார்கள். நின்றபடியே இருந்தார்கள், நானும் உட்காரச் சொல்லவில்லை. வைஜு சிரித்துக்கொண்டு சொல்லிக்கொடுத்தாள், நான் திட்டிக்கொண்டு சொல்லிக்கொடுக்கிறேன். எனக்கு அவளை மாதிரிப் பேச வராது. வேலியோரம் கிடந்த பாகல் கொடியில் ஒன்று மட்டும் வேர் பிடித்திருக்கிறது, அதையும் பக்கெட்டில் நட்டாயிற்று.

ஆகையால் நீ எனக்கு எடுத்த டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடு. அங்கே உன் அடுக்குமாடியில் ஜன்னலைப் பார்த்து உட்கார என்னால் ஆகாது. வாரம் ஒருதரம் இந்தத் தெருவில் வீடுவீடாகப் போய் டிரம் வாயைத் தொட்டுப் பார்க்கிறேன், கொசுக்காரி வருது என்று பிள்ளைகள் கத்துகிறார்கள், கத்தட்டும். டிரம்மால்தான் அவள் செத்தாள் என்று ஊர் பேசிக்கொண்டு நான் கப்பலேறினால், அந்தப் பேச்சு இங்கே நிலைத்துவிடும்.

இன்னொன்று. துணி எப்படிக் கட்டினாலும் நனைந்தால் தொய்யத்தான் செய்யும், கண் பொடியாக இருக்கிற நைலான் வலைதான் சரி, இங்கே கிடைப்பது பெரிய கண், அங்கேதான் நல்லது கிடைக்கும் என்று போன வருஷம் அவள் உன்னிடம் கேட்டாள். அனுப்புகிறேன் என்றாய். பொங்கலுக்குக் கேட்டாள், மறந்துட்டேன் பாப்பா என்றாய். அதனால்தான் போனாள் என்று நான் சொல்லவில்லை. எந்த வீட்டுக் கொசு, எந்தத் தண்ணீர்க் கொசு என்று எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது, அதைக் கண்டுபிடிக்க ஒரு வழியும் கிடையாது. அதுதான் என்னைத் தின்கிறது.

இதற்குள் ஒரு நூல் மடித்து வைத்திருக்கிறேன். டிரம் வாயைச் சுற்றி அளந்தது, முடிச்சு முதல் முடிச்சு வரை. கட்டுவதற்கு ஒரு சாண் கூட வேண்டும். தெரு முழுக்கப் போடுகிற அளவுக்கு வலை வாங்கி அனுப்பு. பிள்ளைக்கு ராத்திரியில் முழுக்கை சட்டை போட்டுவிடு, உமாவை வீட்டுப் பூந்தொட்டித் தட்டில் தண்ணீர் நிற்காமல் பார்க்கச் சொல். நீங்கள் மூன்று பேரும் நூறு வயசு இருக்கவேண்டும், ஒருத்தர்கூட எனக்கு முன்னால் போகக்கூடாது, இதற்குமேல் எனக்கு ஆசீர்வாதம் தெரியாது.

அளந்தபிறகு நூலைத் தூக்கிப் போட்டுவிடாதே. அவள் துப்பட்டாவில் உருவியது.

இப்படிக்கு,
உன்னையும் அவளையும் பெற்ற
ஒச்சம்மா,
டெய்ரி ஃபார்ம்.