வலது கம்பத்தில் ஒரு தட்டு

ரியோ பிராங்கோ, திங்கள்

அன்புள்ள தல்வா,

முட்டி வலி தேவலையா? பெலோட்டாஸ் குளிரில் காலுறை இல்லாமல் நடக்காதே. நான் நலம், புது கோல்கீப்பர்களைப் பழக்குவதில் பொழுது ஓடுகிறது.

நேற்று எங்கள் கிழட்டு அணிக்கு ஓர் ஆட்டம். பழைய வழக்கப்படி கோலின் இடது கம்பத்தை இரண்டு தட்டுத் தட்டினேன். வலது கம்பத்திலிருந்து பதிலுக்கு ஒரு தட்டுக் கேட்டது. பக்கத்தில் யாருமில்லை.

உன் அண்ணன் ஜுவெனால் அப்படித்தான் தட்டுவான். பதினோரு வருடம் எனக்கு மாற்றாகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் ஆயிற்றே. வலைக்குப் பின்னால் வந்து, "ஒரு ஜுரமாவது வராதாடா உனக்கு, மச்சான்? ஒரே ஒரு நாள் நான் நிக்கிறேனே" என்பான். அவன் சாகும்வரை நான் ஓர் ஆட்டம்கூட விட்டுக்கொடுக்கவில்லை.

இடைவேளையில், கால் பிடித்துக்கொண்டது என்று பொய் சொல்லிப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். மாற்று ஆள் இல்லை.

"கோலைக் காலியா விட்டுட்டு உக்காந்திருக்கியே, வெக்கமா இல்ல?" என்று கேப்டன் நெய்வால்டோ கத்தினான்.

பிற்பாதி முழுக்க எதிரணி அடித்தது. ஒரு பந்துகூட உள்ளே போகவில்லை. ஒவ்வொரு முறையும் உள்ளங்கையில் பந்து அறையும் சத்தம் கேட்டது.

"எல்லாம் காத்துப்பா!" என்று நெய்வால்டோ சிரித்தான். நானும் சிரித்துவைத்தேன்.

பயப்படாதே. கொதிநீரில் போட்டுக் குடிக்க மாத்தே இலை ஒரு கிலோ அனுப்பு; இங்கே கிடைப்பது வாயில் வைக்க முடியவில்லை. அப்படியே, அலமாரி மேல்தட்டில் இருக்கும் கையுறைகளையும் அனுப்பு. என்னுடையவை வேண்டாம், அண்ணனுடையவை. ஞாயிற்றுக்கிழமை மறுபடி ஆட்டம் இருக்கிறது. வெறுங்கையோடு எத்தனை நாள் நிற்பான்?

தபால் நிலையம் மூடப்போகிறது.

உன்
ஓஸ்மாரினோ