ஈரப் படத்தில் ஒரு புள்ளி

மார்ச் 7, 1994, திங்கள்

இன்று வெடி. கூம்பு வடிவ வெடிமருந்து தள்ளிய அலுமினியத் துண்டு நொடிக்குப் பதினோரு கிலோமீட்டர் வேகத்தில் போனது. அது பறப்பதை எக்ஸ்ரே படத்தில் பிடிப்பது என் வேலை, பத்தொன்பது வருஷமாக. எங்கள் பொறியாளர் ரொஹேலியோவின் கவசம் அதில் துளைபட்டுவிட்டது. விண்கற்களிலிருந்து விண்கலத்தைக் காக்க நாலு வருஷம் உழைத்துச் செய்தான், பாவம்.

படத்தைக் கழுவித் தொங்கவிட்டதுமே, காயும் முன்னே பார்த்து, ‘சுத்தம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒரே துண்டுதான் பறந்தது என்று பொருள். பாலோமாவின் பதினைந்தாம் பிறந்தநாள் உடுப்புக்கு அளவு கொடுக்கக் கடை மூடுவதற்குள் போக வேண்டியிருந்தது. ஊதா நிறம். என் மகள் அழகி.

மார்ச் 8

“இதோட மூட்டை கட்டிடலாம், ரொஹேலியோ,” என்றார் எங்கள் தலைவர் டாக்டர் ஹால்பர்ட். அவன் கவசத்தின் வரைபடங்களைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனான்.

மார்ச் 9

படத்தை உறையில் போட எடுத்தேன். திங்களன்று ஓரத்தில் ஒரு புள்ளியை நீர்த்துளி என்று விட்டேனே, அது இன்னும் இருக்கிறது. இரண்டு நாளாகியும் காயாத துளியா? லென்ஸ் வைத்துப் பார்த்தேன். துண்டு! பின்னால் மெதுவாக வந்த இன்னொரு துண்டு.

வேகமாக வருவது கவசத்தின் முதல் தகட்டிலேயே பொடியாகிவிடும். மெதுவாக வருவதுதான் முழுசாக உள்ளே போய்த் துளைக்கும். ஆக, கவசம் தோற்கவில்லை. சோதனையே செல்லாது.

ஐயோ, என்ன பண்ணி வச்சிருக்கேன். ஒரு படத்தைக்கூடத் தப்பாகப் படித்ததில்லை என்று எத்தனை பேரிடம் பீற்றியிருக்கிறேன். சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியும்? — எனக்குத் தெரியுமே.

மார்ச் 10

சொல்லிவிட்டேன், உடுப்புக் கடைக்கு ஓடியதையும் சேர்த்து. ஹால்பர்ட் கண்ணாடியைக் கழற்றினார். “ஈரத்துல பாத்தீங்களா, டெல்ஃபினா? நீங்களா?”

“நான்தான்.”

ரொஹேலியோ வெளியே போய் நின்றான். பின்னாலேயே போனேன். “ரெண்டு நாளா தூக்கமே இல்லக்கா,” என்றான். திட்டுவான் என்று நின்றேன். “சரி விடுங்க. உடுப்பாவது நல்லா வந்துச்சா?” அங்கேயே அழுதுவிட்டேன்.

மார்ச் 24

மறுவெடி. கவசத்தில் துளை இல்லை. ஆனால் துண்டு ஒழுங்காகப் பறந்ததா என்று படம் சொன்னால்தான் கணக்கில் வரும்.

“என்னக்கா, சொல்லுங்க.”

“காயட்டும்டா.”

“நீங்க வேணும்னே பண்றீங்க.”

மூவரும் அந்தப் படத்துக்குக் கீழேயே இரண்டு மணி நேரம் நின்றோம். காய்ந்ததும் நாலு மூலையும் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஹால்பர்ட் பேனாவை என்னிடமே நீட்டினார். ‘சுத்தம்’ என்று எழுதினேன், கையெழுத்துப் போட்டேன்.

ரொஹேலியோ அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.